இரண்டாவது சோப்பு

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சிவப்பு எழுத்தில் தொங்கிய அட்டைக்குக் கீழே நின்று குஞ்சிதபாதம் ஒரே ஒரு சந்தன சோப்பை எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டார். ஒன்றே ஒன்று. உறையூர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒரு காரியம் செய்த ஆள் அகப்படமாட்டான். சும்மா வருவதை வேண்டாமென்று விட்டுவிட்டு வர ஒருவனுக்குக் காசுக் கொழுப்பு இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நல்ல காய்ச்சலாவது இருக்கவேண்டும். அவருக்கு இரண்டும் கிடையாது. லாரி புக்கிங் ஆபீசில் காலமெல்லாம் மூட்டை எண்ணி ஓய்ந்த கை அது. இரண்டாவது சோப்பைத் தொடப்போய், தொடாமல் திரும்பி வந்து, வேட்டி மடிப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை பண்ணியது. தட்டில் அந்த இன்னொரு சோப்பு மட்டும் வரிசையை விட்டு முன்னால் வந்து நின்றது, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி. பார்க்காதே, பார்த்தால் எடுத்துவிடுவாய் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நகர்ந்தார். எடுத்து எங்கே வைப்பது? அலமாரியில் ரத்தினத்தின் தட்டு நிரம்பிவிட்டது. ரத்தினம் என்கிற நாகரத்தினம், அவர் மனைவி, மகள் சுகந்தியின் இரண்டாவது பிரசவத்துக்கென்று போன ஆடியில் புனேவுக்கு ரயிலேறினவள், மூன்றே மாசம் என்று சொல்லி ஏறினவள், இன்னும் திரும்பவில்லை. அவள் போனதிலிருந்து இந்தக் கடையில் எது ஒன்றுக்கு ஒன்று வந்தாலும் முதலாவது அவருக்கு, இரண்டாவது அவளுக்கு. ரோஸ் கலர் பல் பிரஷ், தேங்காயெண்ணெய்ப் புட்டி, பவுடர் டப்பா, டீத்தூளோடு ஒட்டி வந்த எவர்சில்வர் தம்ளர் எல்லாம் அவள் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, உறை பிரிக்காமல், ஊரிலிருந்து வருகிறவளை அழைத்துப்போக வந்த சொந்தக்காரர்கள் மாதிரி காத்துக்கொண்டிருந்தன. ஒரு தடவை சவர பிளேடுகூட ஒன்றுக்கு ஒன்று வந்தது. அதிலும் பாதியை அவள் தட்டில் வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு எடுக்கப்போனால் எடுக்க மனசு வரவில்லை, அங்கேயே இருக்கிறது. இன்றைக்கு அந்தத் தட்டுக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டாவதை எடுக்கவில்லை என்றால் பதில் சொல்லியாயிற்று என்று அர்த்தம். வாய் இன்னும் சொல்லவில்லை, கை சொல்லிவிட்டது. இரு ரத்தினம், இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இரு.

காலையில் போனில் அவள் கேட்டது காதுக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. “ஏங்க, இங்க சின்னவனைப் பகல்ல பாத்துக்க விடுற எடத்துல சேர்க்கிறதா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லணுமாம். சேர்த்துட்டா நான் கிளம்பி வந்துடலாம். ஆனா அவங்க கேக்கிற பணத்தைக் கேட்டா எனக்குத் தலை சுத்துதுங்க. நான் இன்னும் ஒரு வருஷம் இருந்தா அம்புட்டும் இவளுக்கு மிச்சம். நீங்கதான் அங்க ராஜா மாதிரி சமாளிக்கிறீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்க, இருக்கவா, வரவா?” பெரிய ஆபீசர் மாதிரி, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டு அவர் யோசிக்கவே இல்லை. தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார், அதில் தோசை கருகியது. மிச்சம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் அந்த வீட்டில் யார் என்ன பேச முடியும்? கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து கும்பிட்ட சாமி அது. மிச்சம் பிடித்துத்தான் சுகந்தி படித்தாள், மிச்சம் பிடித்துத்தான் அவள் கழுத்தில் போட்டது, மிச்சம் பிடித்துத்தான் ஓட்டு வீட்டுக்குத் தளம் போட்டது. எல்லாம் பிடித்தாகிவிட்டது. இனி பிடிக்க ஒன்றும் இல்லை என்று நினைத்தபோது, இதோ இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறதே என்று அந்தச் சாமி ரத்தினத்தையே கேட்கிறது. ராஜா மாதிரி சமாளிக்கிறீங்களே. அது யார் சொன்னது? அவர்தான் சொன்னார். வேறு யார் சொல்லுவார்கள்? ஒவ்வொரு நாளும் போனில் அவரே சொன்னார், கிரீடம் வைத்துக்கொண்டு சொன்னார்.

பில் போடுகிற இடத்தில் வரிசை ஊறுகாய் பாட்டில்கள் இருக்கிற சந்துவரைக்கும் வளைந்திருந்தது. மாசத்தின் முதல் வாரம், சம்பளம் வாங்கின கை எல்லாம் இங்கேதான் இருக்கும். குளிர்பெட்டியிலிருந்து வந்த காற்று கணுக்காலைப் பிடித்தது. பெருங்காய வாசனையும் தரை துடைத்த வாசனையும் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் யாரோ ரசம் வைத்த மாதிரி இருந்தது. அவருக்கு முன்னால் ஒரு புருஷன் பெண்டாட்டி, புதுசாகக் குடித்தனம் வைத்தவர்கள்போல, ஒரே வண்டியை இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு. “சீயக்காய் எதுக்கு, வீட்ல இருக்கே?” என்கிறான் அவன். “அது உங்க அம்மாவோடது” என்கிறாள் அவள். குஞ்சிதபாதம் ஊறுகாய் பாட்டிலைப் படிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். சண்டை போட ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு சௌகரியம். இவரும் ரத்தினமும் இப்படித்தான் கடைக்குக் கடை சண்டை போட்டுக்கொண்டே போவார்கள். கால் படி உளுந்துக்கு அவள் மூன்று கடை ஏறி இறங்குவாள், இவர் வெயிலில் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்பார், ஏறினதும் இறங்கினதும் உளுந்தை விட அதிகம் என்று சொல்லுவார், அவள் முறைப்பாள். அந்த முறைப்பை இப்போது யாராவது ஒன்றுக்கு ஒன்று இலவசமாகக் கொடுத்தால் இரண்டையும் வாங்கிக்கொள்ளலாம். பின்னாலிருந்து ஒரு குரல். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கின ஒரு அம்மாள், பார்த்தால் பள்ளிக்கூடத்து டீச்சர். “பெரியவரே, வரிசையில நிக்கிறீங்களா, இல்ல சும்மா நிக்கிறீங்களா?” முன்னால் இடம் காலியாகி நேரமாகிவிட்டது போலிருக்கிறது. “ரெண்டும்தாம்மா” என்று சொல்லிவிட்டு ஒரு எட்டு நகர்ந்தார்.

தூரத்தில் கல்லாவில் ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டு சாமான்களைக் காட்டிக் காட்டி எடுத்தாள், மெஷின் கீச் கீச்சென்று கத்தியது. நல்ல பெண். அவளிடமும் ஒரு பொய் இருக்கிறது. ரத்தினம் ரயிலேறின முதல் வாரம் அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று, “அம்மா வரலையாய்யா?” மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் முடிந்தது. தொண்டைவரைக்கும் வந்த அந்தப் பதில் நாக்கில் ஏறினதும் வேறாகிவிட்டது. “முட்டி வலிம்மா. படி இறங்க முடியல. சீட்டு எழுதிக் கொடுத்து என்னைத் துரத்திட்டா.” சொன்ன நிமிஷமே நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று இதமாகப் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து இந்தக் கடைக்குள் ரத்தினம் உறையூரில்தான் இருக்கிறாள். நாற்காலியில் கால் நீட்டி, என்ன பருப்பு வாங்கி வருகிறாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாள். ரோஸ்லின் கேட்கக் கேட்க அந்த முட்டியைப் பற்றி அவர் சொன்ன சேதிகளை எழுதினால் ஒரு வைத்திய நூல் தேறும். ஊமத்தை இலையை வதக்கிக் கட்டினது, வீக்கம் இறங்கி மறுபடி ஏறினது, கோயில் யானைக்கு எண்ணெய் போடுகிற ஒருவன் வந்து, யானை முட்டிக்கும் அம்மா முட்டிக்கும் ஒரே எண்ணெய்தான், அளவில்தான் வித்தியாசம் என்று சொல்லி அவளிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. ரோஸ்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் ரத்தினம் இருக்கிறாள், வெளியே போனால் இல்லை. அதனால்தான் உப்புக்கு ஒரு தடவை, கடுகுக்கு ஒரு தடவை என்று அவர் வந்துகொண்டே இருக்கிறார். மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்பது தெரியாதா என்ன. தெரிந்துதான் கடுகை நூறு நூறு கிராமாக வாங்குகிறார்.

அவளுக்கு இது தெரிந்தால் பிடித்துக்கொள்வாள். கடுகை நூறு கிராமாக வாங்குகிறவன் குடித்தனக்காரனே இல்லை என்பது அவள் கட்சி. மாசியில் புளி வந்ததும் கொட்டை எடுத்து உப்புப் போட்டு அமுக்கி வருஷத்துக்கு வைப்பாள். எண்ணெய்ப் பாக்கெட்டைக் காலி என்று தூக்கிப்போடக் கூடாது, மூலையில் ஒரு வெட்டு வெட்டி, துணி மாட்டுகிற கிளிப்பில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே கிண்ணம் வைப்பாள்; இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக இறங்கி, காலையில் ஒரு தாளிப்புக்கு எண்ணெய் இருக்கும். பற்பசைக் குழாயைக் கத்தரியால் வகுந்து உள்ளே வழித்தெடுத்தால் இன்னும் நாலு நாள் ஓடும், அந்த நாலு நாளும் அவர் ‘போஸ்ட்மார்ட்டம் ஆயாச்சா’ என்று கேட்டுக்கொண்டேதான் பல் துலக்குவார். தேய்ந்துபோன சோப்பைப் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டவைப்பாள், அது தாய் முதுகில் குட்டி மாதிரி கொஞ்ச நாள் சவாரி போய்க் கரையும். எல்லா நாளும் துணி துவைக்கிற கட்டிக்கு அண்ணன் தம்பி மாதிரி ஒரு சோப்புதான். சந்தன சோப்பு வெள்ளிக்கிழமைக்கும் நல்ல நாளுக்கும் மட்டும், அதுவும் ஒன்றுக்கு ஒன்று வரும்போது வாங்கினது மட்டும். புதுசாகக் கல்யாணமானபோது அவர் ஒருநாள் முழு விலை கொடுத்துச் சந்தன சோப்பு ஒன்று வாங்கிவந்து நீட்டினார், அவள் மோந்துபார்த்துக் கண்ணை மூடினாள், திறந்ததும் என்ன விலை என்றாள், சொன்னதும் அவர் அன்றைக்குப் பட்ட பாடு நாய் படாது. ஆனால் அந்தச் சோப்பின் மேலுறையை அவள் தூக்கிப்போடவில்லை. டிரங்குப்பெட்டியில் துணிகளுக்கு அடியில் விரித்துவைத்தாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சந்தன உறையும் அங்கேதான் போனது. பெட்டியைத் திறந்தால் அவள் கழுத்துப் பக்கம் வருகிற வாசனை வரும். போன ஆடியில் வந்த வாசனை தையில் பாதியாகிவிட்டது. இப்போது தலையை உள்ளே விட்டால்தான் வருகிறது. அதனால் அவர் பெட்டியைத் திறப்பதையும் குறைத்துவிட்டார், எண்ணெய்ப் பாக்கெட் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கட்டும் என்று. தலைகீழாகத் தொங்கவிட்டால் இன்னும் கொஞ்சம் வருமா? பெட்டியையா? இல்லை, என்னையே தொங்கவிட்டால்? என்னிடமிருந்து அவள் எவ்வளவு சொட்டுவாள்?

அந்தப் பெட்டியில் கைவைக்கப்போய்த்தான் அந்தக் கூத்து நடந்தது. மூன்றாம் வீட்டு சகுந்தலா மருமகளுக்கு வளைகாப்பு என்று அழைக்க வந்தாள். வீட்டுக்கு வந்த சுமங்கலியை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது, ரத்தினம் அனுப்பமாட்டாள். வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுப்பாள். அதற்கென்று பெட்டியில் ஓர் அடுக்கு உண்டு. எல்லாம் மற்ற வீடுகளில் இவளுக்கு வைத்துக் கொடுத்தவை. எந்த வீட்டு ரவிக்கைத் துணியையும் எந்த வீட்டிலும் தைத்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை, அது தெருவில் வீடு வீடாக நடந்துகொண்டே இருக்கும். ரத்தினம் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நிற நூலால் ஒரு தையல் போட்டு வைப்பாள், யார் கொடுத்தது என்று தனக்கு மட்டும் தெரிய. ஊசிநூல் விவகாரம் இவருக்கு எங்கே தெரியும்? ஆம்பிளை, பெட்டியைத் திறந்து, கிளிப்பச்சை நன்றாயிருக்கிறதே என்று உருவி, வெற்றிலையோடு தட்டில் வைத்து நீட்டிவிட்டார். சகுந்தலா பிரித்துப் பார்த்தாள். மூலையில் நீல நூல்; அதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் தான் வாங்கின துணி அவளுக்குத் தெரியாதா? “அண்ணே, இது முந்தின வருஷ நவராத்திரிக்கு நான் ரத்தினக்காவுக்கு வச்சுக் கொடுத்ததுல்ல!” தெருவில் கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அன்று இரவு போனில் ரத்தினத்திடம் நடந்ததை மட்டும் சொல்லியிருந்தால் அவள் தலையில் அடித்துக்கொண்டு, நான் வந்தாத்தான் சரிப்படும் என்று சொல்லியிருப்பாள். சொல்லியிருப்பாள்! அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தானே அவர் ஏங்கிக் கிடக்கிறார். ஆனால் நாக்கு என்ன செய்தது? அந்த ரவிக்கைத் துணி உறையூரிலிருந்து கிளம்பி லாரியில் மணப்பாறை போய், அங்கே மாட்டுச் சந்தையில் ஒரு காளை மாட்டுக்குப் பரிவட்டம் கட்டி, அந்த மாட்டோடு கைமாறி, கடைசியில் கப்பலேறி சிங்கப்பூரில் ஒரு கிருகப்பிரவேசத்துக்குப் போய், விமானத்தில் திரும்பிவந்து சகுந்தலாவைப் பார்த்து ‘அம்மா’ என்று கூப்பிட்டதாகவும், சகுந்தலா சந்தோஷம் தாங்காமல் இவருக்கு ஒரு கிலோ அதிரசம் கொடுத்ததாகவும் சொல்லிவைத்தது.

அவள் சிரித்தாள். அதுதான். எல்லாம் அந்தச் சிரிப்பால் வந்த வினை. ரத்தினம் சிரிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும், முதலில் மூக்கில் ஒரு சீறல், அப்புறம் ஒரு நிறுத்தம், வேண்டாம் வேண்டாம் என்று தன்னையே தடுத்துக்கொள்கிற மாதிரி, அப்புறம் பானை கவிழ்ந்த மாதிரி மொத்தமாகக் கொட்டும். அந்தக் கொட்டல் புனேயிலிருந்து கிளம்பி ஆந்திரா கர்நாடகா எல்லாம் தாண்டி இவர் காதுக்குள் வந்து விழும்போது, அந்தச் சமையலறை, அந்தக் கருகின தோசைக்கல், மூடி தொலைந்த தயிர்ச் சட்டி எல்லாமே ஒரு நிமிஷம் வெளிச்சமாகிவிடும். அப்புறம் பத்து நாளைக்கு அந்த வெளிச்சம் தாங்காது, மறுநாளே தேவைப்படும். நாளைக்கு என்ன சொல்லுவது, நாளைக்கு என்ன சொல்லுவது என்று படுக்கையில் புரண்டு புரண்டு கதை கட்டுவார். ஒரே முருங்கைக்காயில் வாரம் முழுக்க சாம்பார் வைத்த கதை, முதல் நாள் காய், மறுநாள் சக்கை, மூன்றாம் நாள் அதன் நிழல். தொங்கவிட்ட எண்ணெய்ப் பாக்கெட்டில் சொட்டுச் சொட்டாக இறங்கி, பாக்கெட்டில் இருந்ததைவிட அதிகமாக இறங்கி, பக்கத்து வீட்டுக்குக் கடன் கொடுத்த கதை. கத்தரிக்காய்க்காரியிடம் பேரம் பேசிப் பேசி, அவள் அழுதுகொண்டே தராசையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போன கதை. இந்தக் கடை மேனேஜர், வாடிக்கையாளருக்கெல்லாம் சிக்கனம் பற்றி ஒரு மணி நேரம் பேச வாங்க என்று மாலையோடு வீட்டுக்கு வந்த கதை. “போதும்ங்க, குழந்தை எந்திரிச்சுடும்” என்பாள் வாயைப் பொத்திக்கொண்டு. அவளுக்குத் தெரியாதா பொய் என்று? தெரியும். முருங்கைக்காயின் நிழலில் யாரும் சாம்பார் வைப்பதில்லை என்பது தெரியும். ஆனால் பொய்யைக் கழித்தால் அடியில் ஒன்று நிற்கிறதே, இந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கிறான், சமைத்துச் சாப்பிடுகிறான், கடைக்குப் போகிறான், அதை அவள் நம்பிவிட்டாள். அதுதான் பெரிய பொய் என்பது மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. ரவையில் வண்டு வந்ததும், ராத்திரி தயிர்ச்சோறும் ஊறுகாயும் மட்டும் என்பதும், தை மாசம் குளியலறையில் கண் இருட்டிக்கொண்டு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதும், ரத்தினம் என்று கூப்பிட்டுவிட்டு, கூப்பிட்ட குரல் சுவரில் பட்டுத் திரும்பிவந்து தன்னையே கூப்பிட்டதும் எந்தக் கதையிலும் வரவில்லை. அவை வந்தால் சிரிப்பு வராது. சிரிப்பு வேண்டுமென்றால் அவள் வரமாட்டாள், அவள் வரவேண்டுமென்றால் சிரிப்பை விட்டுவிட வேண்டும். இது என்ன வியாபாரம்? ஒன்று வாங்கினால் ஒன்று கிடையாது.

சொல்லிவிடலாமா? வா ரத்தினம், என்னால் முடியவில்லை என்று. சொன்னால் சுகந்தி மாசாமாசம் அந்தப் பணத்தைக் கொட்டி அழவேண்டும். அப்பாவால்தான் என்று நினைப்பாளோ? நினைக்கமாட்டாள். மாப்பிள்ளை? அவர் வாய் திறக்கமாட்டார், அதுதான் இன்னும் மோசம். அதுவும் போகட்டும். அவளுக்கே வர விருப்பம் இருக்கிறதா? இருக்கவா வரவா என்றுதானே கேட்டாள், இருக்கவா என்பதைத்தானே முதலில் கேட்டாள்? அங்கே கொத்தமல்லிக்காரனிடம் இந்தியில் பேரம் பேசுகிறாளாம். கறிவேப்பிலையை ஓசியில் வாங்கி அந்த அடுக்குமாடிக்காரிகளையே அசரவைத்துவிட்டாளாம். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறதாம். ஒரு முந்தானைக்கு ஒரு குழந்தை போதாதா, இந்தக் கிழவன் எதற்கு? இன்னும் ஒரு வருஷம் போனால் பெட்டியில் வாசனை இருக்காது. அலமாரியில் அவள் தட்டு நிரம்பி வழியும். அப்புறம் ஒருநாள் அவர் அந்த ரோஸ் பிரஷ்ஷைப் பிரித்துத் தானே தேய்க்க ஆரம்பிப்பார், இருப்பதை வீணாக்குவானேன் என்று. அந்த நினைப்பு வந்ததும் குளிர்பெட்டிக் காற்று கணுக்காலிலிருந்து முதுகுக்கு ஏறியது. அந்த நாளுக்குத்தான் அவர் பயந்தார், வேறு எதற்கும் இல்லை. வேண்டாம், இரு என்று சொல்லிவிடு, கை ஏற்கெனவே சொல்லிவிட்டது, வாயும் சொன்னால் முடிந்தது, குழந்தைக்கு நல்லது, சுகந்திக்கு மிச்சம்.

“அய்யா, வாங்க, எங்க பாத்துட்டு நிக்கிறீங்க?” ரோஸ்லின். முன்னால் இருந்த சீயக்காய்த் தம்பதி போய்விட்டிருந்தார்கள். அவர் கூடையை மேலே வைத்தார். கடுகு, கீச். தயிர், கீச். சந்தன சோப்பு. அதைக் கையில் எடுத்துவிட்டு ரோஸ்லின் கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“இன்னொண்ணு எங்கய்யா? இதுக்கு ஒண்ணு ஃப்ரீ.”

“வேணாம்மா.”

“வேணாமா?” மெஷினைக் கீழே வைத்துவிட்டாள். “போன வாரம் காப்பித்தூளுக்கு ஸ்பூன் கொடுக்கலைன்னு மேனேஜர் வரைக்கும் போனது நீங்கதானேய்யா? உடம்பு கிடம்பு சரியில்லையா?”

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. அவருடைய போன் காது கேளாத ஊருக்கென்று செய்தது, அடித்தால் கடை திரும்பிப் பார்க்கும், பேசினால் பக்கத்திலிருப்பவருக்கும் கேட்கும். “ஏங்க, எங்க இருக்கீங்க?” என்றாள் ரத்தினம். பின்னால் குழந்தை ஏதோ ஒரு எழுத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. “மாப்பிள்ளை ஆபீசுலேருந்து ரெண்டு வாட்டி கேட்டுட்டார். என்ன சொல்லட்டும்?”

இரு. இரண்டே எழுத்து. தொண்டைவரைக்கும் வந்தது. நாக்கில் ஏறினதும், வழக்கம்போல, வேறாகிவிட்டது. “இங்க என்ன கொறைச்சல் ரத்தினம்? நேத்து ஒரு தேங்காய் உடைச்சேன் பாரு, உள்ள இன்னொரு தேங்காய். ஒண்ணுக்கு ஒண்ணு. அதை உடைச்சா...” மூக்கில் அந்த முதல் சீறல் கேட்டது. வரப்போகிறது, பானை கவிழப்போகிறது.

“அம்மாவாய்யா லைன்ல?” என்று ரோஸ்லின் கல்லாவுக்கு மேல் எக்கிக்கொண்டு போனைப் பார்த்துக் கத்தினாள். “அம்மா! முட்டி வலி தேவலையாம்மா? உங்க சந்தன சோப்பு ஒண்ணுக்கு ஒண்ணு வந்திருக்கும்மா, அய்யா உங்களோடதை எடுக்கமாட்டேங்குறார், என்னன்னு கேளுங்க!”

பானை கவிழவில்லை. குழந்தைகூட அந்த எழுத்தை விட்டுவிட்டது.

“யாருக்குங்க முட்டி வலி?” என்றாள் ரத்தினம்.

“உனக்குத்தான்.”

“எனக்கா? எப்பலேருந்து?”

“போன ஆடியிலேருந்து.”

“நான் எங்க இருக்கேன் அங்க?”

“வீட்லதான்” என்றார் குஞ்சிதபாதம், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. “நாற்காலியில.”

அவர் சொன்ன கதைகளிலேயே அவள் சிரிக்காத முதல் கதை அது. அவள் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை, போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாளோ என்னவோ. திரும்பி வந்தபோது குரல் மூக்கடைத்த மாதிரி இருந்தது. “அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க போனை.”

போச்சு. இனி இந்தக் கடைக்குள்ளும் அவள் இருக்கமாட்டாள். கொடுக்காமல் இருக்க வழி தேடினார். ரோஸ்லின் அதற்குள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். “சொல்லுங்கம்மா” என்றாள். “ஐயோ, அப்படியா?” என்றாள். அவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். என்ன அப்படியா? எது அப்படியா? “ஊமத்தை இலைதானேம்மா? ஆமா, சொன்னார்” என்றாள். அவருக்குக் காது சூடாகியது. ஊமத்தை இலை ரத்தினத்துக்கு எப்படித் தெரியும், இந்தப் பெண் எடுத்துக்கொடுத்திருப்பாள், அவள் பிடித்துக்கொண்டிருப்பாள். “யானைக்காரன் எண்ணெய் போட வந்த கதையையும் சொன்னாரும்மா” என்று ரோஸ்லின் சிரித்தாள். “ம். ம். சரிங்கம்மா. என்ன வாங்கினாரா? கடுகு நூறு கிராம், தயிர்தாம்மா. ம், சொல்லிடுறேம்மா. கண்டிப்பா.” பின்னாலிருந்த டீச்சரம்மாள் ‘ம்க்கும்’ என்று தொண்டையைச் செருமினாள். ரோஸ்லின் போனைத் திருப்பிக் கொடுத்தபோது அது அணைந்திருந்தது. பேசி முடித்ததற்கப்புறம் ஒரு விநாடி கூட ரத்தினம் போனை ஓடவிடமாட்டாள், பேச்சுக்குத் தனியாகக் காசில்லை என்றாகிவிட்ட இந்தக் காலத்திலும்கூட அந்தப் பழக்கம் போகவில்லை.

“என்ன சொன்னா?” என்றார்.

“முட்டி நல்லா தேவலையாம்யா. அடுத்த வாரக் கடைசியில நல்லா நடந்துடுவாங்களாம். இனிமே சாமான் வாங்க உங்களை அனுப்பமாட்டாங்களாம், அவங்களே வருவாங்களாம். கடுகை நூறு கிராமா வாங்குற ஆளை நம்ப முடியாதுன்னாங்க.” ரோஸ்லின் பில்லைக் கிழித்தாள். “அப்புறம், மிச்சம் பிடிச்சது போதும்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. எதைய்யா மிச்சம் பிடிச்சீங்க?”

அவர் ரோஸ்லினைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரத்தினம் கதை விடுகிறாளா? ரத்தினமா? பால்காரனிடம் சில்லறை இல்லை என்றுகூடப் பொய் சொல்லத் தெரியாதவள், ஒரு பொய் சொல்லவேண்டியிருந்தால் பக்கத்து அறைக்குப் போய்விட்டு, நீங்களே சொல்லிடுங்க என்று இவரை முன்னால் தள்ளுகிறவள். அவள் சொன்னதில் முட்டி ஒன்றுதான் பொய். அதுவும் அவள் சொன்னதில்லை, அவரே அவளுக்கு மாட்டிவிட்டது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அடியில் என்ன நிற்கிறது? கழித்துப் பார்த்தார். நின்றது. மறுபடி கழித்துப் பார்த்தார்.

“பெரியவரே, முடிஞ்சிருச்சுல்ல? நகருங்க” என்றாள் டீச்சரம்மாள்.

“ஒரு நிமிஷம்மா” என்று பையை அப்படியே கல்லாவில் விட்டுவிட்டு, வரிசையைப் பிளந்துகொண்டு, சந்துக்குள் திரும்பி நடந்தார். பின்னால் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். சிவப்பு அட்டைக்குக் கீழே அது அங்கேயேதான் இருந்தது, முன்னால் வந்து நின்றபடி. எடுத்துக்கொண்டு திரும்பும்போது, வண்டியோடு வழியை மறித்து நின்ற ஒருவர், “என்ன சார், எதையாச்சும் மறந்துட்டீங்களா?” என்று கேட்டார். குஞ்சிதபாதம் வாயைத் திறந்தார். எந்தக் கேள்விக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும், கேட்டவர் மறந்துபோகிற அளவுக்கு நீளமாக இருக்கும். நாக்கு காத்திருந்தது. ஒன்றும் ஏறவில்லை.

“என் வீட்டுக்காரிக்கு ஒரு சோப்பு” என்றார்.